பழைய செக்ஸ்டன்ட் கைக்கு வந்தால்: பெட்டியைத் திறப்பது முதல் கன்னியாகுமரியில் அட்சரேகை பிடிப்பது வரை

பழைய சாமான் கடையில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே பித்தளைக் கருவி ஒன்று. தர்பூசணித் துண்டு வடிவில் சட்டம், கீழ் விளிம்பில் எண்கள் பொறித்த வில், மேல் முனையிலிருந்து தொங்கி வில்லின் மேல் நகரும் ஒரு கை, இரண்டு சின்னக் கண்ணாடிகள், குட்டித் தொலைநோக்கி, மடக்கி வைத்த நிறக்கண்ணாடிகள். விலை கேட்டால் கடைக்காரர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் விலையைச் சொல்வார்.

இதுதான் செக்ஸ்டன்ட். கடலில் நின்று சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்கும் கருவி. பெரும்பாலான வீடுகளில் இது ஷோகேஸில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்காகச் செய்த பொருள் இல்லை இது. நூறு வயதான செக்ஸ்டன்ட்டை வைத்துக்கொண்டு இன்று நண்பகலில் உங்கள் அட்சரேகையை ஓரிரு கடல் மைல் துல்லியத்தில் சொல்லிவிடலாம். சிக்னல் வேண்டாம், பேட்டரி வேண்டாம். நான் சரக்குக் கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக இருந்தபோது கற்றுக்கொண்டதையும், பிறகு பழைய கருவிகளை வாங்கி ஏமாந்ததையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுத் திண்ணையில் அடித்து விளையாடியிருப்பீர்கள். கையைக் கொஞ்சம் திருப்பினாலே வெளிச்சம் எங்கேயோ ஓடும். கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் வெளிச்சம் இரண்டு பங்கு திரும்புகிறது. செக்ஸ்டன்ட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

நகரும் கையின் உச்சியில் இருப்பது இன்டெக்ஸ் கண்ணாடி. அது சூரியனைப் பிடித்து, எதிரே அசையாமல் நிற்கும் இன்னொரு கண்ணாடிக்கு அனுப்புகிறது. இந்த இரண்டாவது கண்ணாடியில் பாதிக்குத்தான் ரசம் பூசியிருக்கும், மறுபாதி வெறும் கண்ணாடி. வெறும் பாதி வழியாக அடிவானம் நேராகத் தெரியும், ரசம் பூசிய பாதியில் சூரியன் தெரியும். இரண்டும் தொட்டுக்கொள்ளும்வரை கையை நகர்த்தி, வில்லில் எண்ணைப் படிக்க வேண்டியதுதான். கப்பல் ஆடினாலும் இரண்டு பிம்பங்களும் சேர்ந்தே ஆடும், ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. இதற்கு முன்னிருந்த கருவிகளுக்கு இந்த வசதி இல்லை.

வில் ஒரு வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 டிகிரி. ‘செக்ஸ்டன்ட்’ என்ற பெயரும் ஆறில் ஒன்று என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் எண்கள் 120 வரையும் அதற்கு மேலும் போகும், கண்ணாடி கோணத்தை இரட்டிப்பதால். 1731இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜான் ஹாட்லி காட்டிய முதல் வடிவம் ஆக்டன்ட். அதன் வில் 45 டிகிரி, அளப்பது 90. கிட்டத்தட்ட அதே சமயத்தில் பிலடெல்பியாவில் தாமஸ் காட்ஃப்ரே என்ற கண்ணாடி வேலைக்காரரும் தனியாக இதைக் கண்டுபிடித்திருந்தார். தீர்க்கரேகைக்காக நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே அகலமான கோணம் அளக்க வேண்டி வந்தபோது 90 போதவில்லை. 1750களின் இறுதியில் ஜான் கேம்பல் என்ற கடற்படை அதிகாரி வில்லை நீட்டச் சொன்னார். ஜான் பேர்ட் செய்துகொடுத்தார். செக்ஸ்டன்ட் பிறந்தது.

நம் கடலில் இந்த வேலையை ரொம்ப எளிய பொருள் ஒன்று செய்துவந்தது: நடுவில் கயிறு கோத்த ஒரு மரப்பலகை. கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். அரபு மாலுமிகளுக்கு அது கமால், சோழமண்டலக் கரையில் ராப்பலகை. அளவு விரல் கணக்கில். ராத்திரிக்குத்தான் உதவும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அசலா, நகலா?

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது நகல். வில்லில் அழகான எழுத்தில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்திருந்தது. ‘முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு சார்’ என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1940களில். அதாவது பிறக்காத பிள்ளைக்குப் பிறந்தநாள். இதே எழுத்து, இதே வருடம் போட்ட நகல்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ரூர்க்கி, மொராதாபாத் பக்கம் அலங்காரத்துக்காகச் செய்யும் பித்தளைக் கருவிகளை அலங்காரப் பொருளாகவே விற்றால் ஒரு தப்பும் இல்லை. நடுவில் யாரோ ஒருவர் அதற்கு வயதைக் கூட்டிவிடுகிறார்.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு சோதனை போதும். நகரும் கையின் அடியில் வெர்னியர் என்ற குட்டி அளவுகோல் இருக்கும். அதன் பூஜ்யக் கோட்டை வில்லின் ஏதாவது ஒரு கோட்டோடு மிகச் சரியாகப் பொருத்துங்கள். அசல் கருவியில் வெர்னியரின் கடைசிக் கோடும் வில்லின் வேறொரு கோட்டோடு தானாகவே பொருந்தி நிற்கும். நடுவில் உள்ள கோடுகள் எதுவும் பொருந்தாது. இதை வில்லில் நாலைந்து இடத்தில் செய்து பாருங்கள். நகலில் கோடுகள் சும்மா அழகுக்கு இழுத்தவை. கடைசிக் கோடு எங்கேயாவது நிற்கும், அல்லது மூன்று நான்கு கோடுகள் ஒரே சமயத்தில் பொருந்துவதுபோல் தெரியும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கோடு இழுக்கும் வேலை அவ்வளவு லேசானதில்லை. கையால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் கருவி பெரிதாக இருந்தால்தான் துல்லியம் வரும். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் இதற்கென்றே ஓர் இயந்திரம் செய்த பிறகுதான் செக்ஸ்டன்ட் கையடக்கமானது. அந்த இயந்திரத்தின் விவரத்தை வெளியிடவும் மற்றவர்களுக்குக் கோடு இழுத்துத் தரவும் ஒப்புக்கொண்டதற்காக, பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுண்டு கொடுத்தது. பழைய ஆக்டன்ட்டின் வில் நடுவில் நங்கூரமும் எஸ்.பி.ஆர். என்ற எழுத்துகளும் இருந்தால், கோடு இழுத்தது ஸ்பென்சர், பிரவுனிங், ரஸ்ட் என்ற லண்டன் பட்டறை. விற்ற கடையின் பெயர் வேறாக இருக்கலாம்.

பெட்டி மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் கியூ வானாய்வகத்தில் சோதித்த சான்றிதழ் அங்கே ஒட்டியிருக்கும். வில்லின் எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று அதில் அட்டவணை இருக்கும். அதைக் கிழித்துவிட்டு மூடிக்குப் பாலிஷ் போட்ட புண்ணியவான்களும் உண்டு.

சட்ட விஷயம் இரண்டு வரியில்: கருங்காலிச் சட்டமுள்ள பழைய ஆக்டன்ட்களில் அளவுகோல் யானைத்தந்தம். இந்தியாவில் அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். நூறு வயதைத் தாண்டிய கருவி தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தொல்லியல் துறையிடம் கேட்காமல் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

தொடுவதற்கு முன்

சரி, அசல்தான். வீட்டுக்கு வந்தாயிற்று. உடனே பித்தளை பாலிஷைத் தேடாதீர்கள், புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். கோடுகள் இருப்பது பெரும்பாலும் பித்தளைக்குள் பதித்த வெள்ளிப் பட்டையில். மெல்லிய கோடுகள் அவை. நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் போய்விடும், போனால் போனதுதான். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். வில்லின் பின்புறப் பல்லில் அல்லது திருகில் பசை பிடித்திருந்தால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், துடைத்து எடுக்கும் அளவுக்கு. ரசம் லேசாக அரித்திருந்தாலும் பரவாயில்லை, நடுப்பகுதி தெளிவாக இருந்தால் வேலை நடக்கும். மிகப் பழைய கண்ணாடிகளில் ரசம் என்பது நிஜமாகவே பாதரசம் கலந்தது. சுரண்டாதீர்கள்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது சட்டத்தை இடது கையால் பிடித்துத் தூக்கி, பின்புறக் கைப்பிடியை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகரும் கையையோ வில்லையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு தடவை கீழே விழுந்த செக்ஸ்டன்ட்டை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வில் மயிரிழை வளைந்திருந்தாலும் எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எண்ணைப் படிப்பது

20ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் எண்கள் பொறித்த, சுழலும் டிரம் இருக்கும். டிகிரியை வில்லிலும் நிமிடத்தை டிரம்மிலும் படித்துவிடலாம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. (இங்கே நிமிடம் என்றால் கோண நிமிடம், டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.) பழையதில் வெர்னியர்தான்.

உதாரணத்துக்கு வில்லில் ஒவ்வொரு டிகிரியும் மூன்றாகப் பிரிந்திருக்கிறது, அதாவது ஒரு கட்டம் 20 நிமிடம். வெர்னியரின் பூஜ்யம் 41 டிகிரியைத் தாண்டி, இரண்டாவது கட்டத்தையும் தாண்டி நிற்கிறது. ஆக 41° 40' சொச்சம். அந்தச் சொச்சம் எவ்வளவு? வெர்னியரின் கோடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் மேல்கோடும் கீழ்கோடும் ஒரே கோடாக நிற்கும். அது வெர்னியரில் 13க்கு அடுத்த அரைக்கோடு என்றால் சொச்சம் 13' 30". மொத்தம் 41° 53' 30". பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தப்பு வரும், கண் நேர் மேலே இருக்க வேண்டும். முதல் நாள் ஒரு தடவை படிக்க மூன்று நிமிஷம் ஆகும். ஒரு வாரத்தில் பஸ் நம்பர் படிப்பது மாதிரி ஆகிவிடும்.

மூன்று திருத்தங்கள், இந்த வரிசையிலேயே

வரிசை முக்கியம். மூன்றாவதை முதலில் செய்தால் இரண்டாவதைச் செய்யும்போது அது கெட்டுப்போகும்.

ஒன்று, இன்டெக்ஸ் கண்ணாடி சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா? கையை வில்லின் நடுவில், 35 அல்லது 40 டிகிரி அருகே வையுங்கள். கருவியைப் படுக்கையாக, வில் உங்களுக்கு அப்பால் இருக்கும்படி பிடியுங்கள். இன்டெக்ஸ் கண்ணாடிக்குள் சாய்வாகப் பார்த்தால் வில்லின் பிம்பம் தெரியும், பக்கத்தில் நிஜ வில்லும் தெரியும். இரண்டும் ஒரே கோடாக ஓடினால் சரி. படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிந்தால் கண்ணாடியின் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். பழைய திருகுகளுக்குச் சதுரத் தலை இருக்கும், அதற்கான சாவி பெட்டியின் மூலையிலேயே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள், இடுக்கி போட்டால் தலை மழுங்கிவிடும்.

இரண்டு, மற்றக் கண்ணாடியும் செங்குத்தா? இரவில் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். கை பூஜ்யத்தில் இருக்கட்டும். நுண்திருகை (நகரும் கையைச் சிறுகச் சிறுக நகர்த்தும் திருகு) மெல்ல முன்னும் பின்னும் திருப்பினால் பிம்ப நட்சத்திரம் மேலும் கீழும் போகும். போகும் வழியில் நிஜ நட்சத்திரத்தின் மேலேயே ஏறிப் போக வேண்டும். பக்கத்தில் ஒதுங்கிப் போனால் அந்தக் கண்ணாடியின் பக்கத் திருகைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவதுதான் தினப்படி வேலை: இன்டெக்ஸ் பிழை. கையைப் பூஜ்யத்தில் வைத்தால் இரண்டு கண்ணாடிகளும் இணையாக நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்காது. அடிவானத்தைப் பார்த்து, நிஜக்கோடும் பிம்பக்கோடும் ஒன்றாகும்வரை திருகுங்கள், எண்ணைப் படியுங்கள். வில்லில் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம், அதாவது அளவெண்கள் ஏறும் பக்கம், இரண்டு நிமிடம் காட்டினால் ஒவ்வோர் அளவிலும் இரண்டு நிமிடம் கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் காட்டினால் கூட்ட வேண்டும். அந்தப் பக்கம் போகும்போது வெர்னியரைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 20 நிமிட வெர்னியர் 17 என்று காட்டினால் பிழை 3. என் முதல் மாதத்தில் இதில் மட்டும் எத்தனை தடவை கோட்டை விட்டேன் என்று கணக்கில்லை.

அடிவானம் இல்லையென்று மொட்டை மாடியிலிருந்து கோயில் கோபுரத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். இரண்டு கண்ணாடிகளின் பாதைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 170 மீட்டரில் இருக்கும் கோபுரம் ஒரு நிமிடப் பிழையைத் தானாகச் சேர்த்துவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொருள் வேண்டும்.

சூரியனை வைத்துச் செய்வது இன்னும் நல்ல முறை, அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். நிறக்கண்ணாடிகளை இரண்டு பக்கமும் போட்டு, நிஜச் சூரியனும் பிம்பச் சூரியனும் விளிம்போடு விளிம்பு தொடும்படி மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒரு பக்கம் 34.6', பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் 30.6' வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 4, அதில் பாதி 2. ஆக இன்டெக்ஸ் பிழை 2', கழிக்க வேண்டியது. இரண்டையும் கூட்டினால் 65.2, நாலால் வகுத்தால் 16.3. சூரியனின் அரைவிட்டம் அந்த நாட்களில் 16.3' என்றுதான் மாலுமிகளுக்காக ஆண்டுதோறும் வரும் கடற்பஞ்சாங்கமும் சொல்லும். ஒத்துப்போனால் நீங்கள் அளந்தது சரி, இல்லையென்றால் மறுபடி.

பிழை மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் திருகைத் தொடவே வேண்டாம். எழுதி வைத்துக்கொண்டு கழித்துவிடுங்கள். கேடட்டாக நான் அதைப் பூஜ்யமாக்கியே தீருவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து திருகினேன். எங்கள் கப்பல் அதிகாரிகளில் ஒருவரான செகண்ட் மேட் தூத்துக்குடிக்காரர். மறுநாள் காலை கேட்டார்: “தம்பி, உன் செக்ஸ்டன்ட்ல எவ்வளவு பிழை?”

“இல்லவே இல்லை சார். நேத்து முழுசா எடுத்துட்டேன்.”

“இன்னைக்குப் பாத்தியா?”

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன், ஒன்றரை நிமிடம் காட்டியது. இரவின் குளிரும் திருகின் இளக்கமும் சேர்ந்து நகர்த்தியிருந்தன. அதற்கப்புறம் ஒவ்வோர் அளவுக்கு முன்னாலும் பார்க்காமல் விட்டதில்லை.

எங்கே நிற்பது

நண்பகலில் சூரியன் உங்களுக்கு நேர் தெற்கில் அல்லது நேர் வடக்கில் இருக்கும். அந்தத் திசையில் கடல் அடிவானம் வேண்டும். மெரினாவில் அடிவானம் கிழக்கே. டிசம்பர் நண்பகல் சூரியனுக்குக் கீழே அங்கே இருப்பது பட்டினப்பாக்கம்தான், கடல் இல்லை. இதை யோசிக்காமல் செக்ஸ்டன்ட்டைத் தூக்கிக்கொண்டு மெரினாவுக்குப் போய் சுண்டல் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கன்னியாகுமரிக்குப் போங்கள். தெற்கே தடங்கல் இல்லாத கடல். பாறையும் சிலையும் தென்கிழக்கில் ஒதுங்கி நிற்கும்.

நேரம்: நம் கடிகாரம் 82.5° கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கன்னியாகுமரி ஏறக்குறைய 77° 33'. வித்தியாசம் 4° 57', டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் 20 நிமிஷம் தாமதம். டிசம்பர் 25 வாக்கில் இந்த 20 நிமிஷத்தைத் தவிர சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் வேறு வித்தியாசம் இருக்காது, எனவே நண்பகல் 12.20. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிஷம் முந்திவிடும், 12.04க்கே உச்சி. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.34 ஆகும். பன்னிரண்டு மணி அடித்ததும் உச்சிவேளை என்பது ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும் பேச்சு.

சூரியனை இறக்குவது

நிறக்கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ ஒன்று காணாமல் போயிருந்தாலோ சூரியன் பக்கம் போகாதீர்கள். நிலாவும் நட்சத்திரமும் போதும். கண் திரும்ப வராது.

நண்பகலுக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் தயாராக நில்லுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு கையை ஏதோ ஒரு கோணத்துக்கு நகர்த்திச் சூரியன் எங்கே எங்கே என்று தேடுவது. தூத்துக்குடிக்காரர் என்னிடம் சொன்னது: “சூரியனைத் தேடாதே தம்பி, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வா.”

கூட்டிக்கொண்டு வருவது இப்படி. கையைப் பூஜ்யத்தில் வைத்து, இரண்டு பக்கமும் கருமையான நிறக்கண்ணாடியைப் போட்டு, நேராகச் சூரியனையே பாருங்கள். இரண்டு சூரியன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இப்போது கையின் பூட்டை அமுக்கிக்கொண்டு மெதுவாக முன்னே தள்ளத் தள்ள, கருவியையும் அதே வேகத்தில் கீழே சாயுங்கள். பிம்பச் சூரியன் கண்ணைவிட்டுப் போகாமல் கூடவே இறங்கும். கடல் தெரிந்ததும் அடிவானப் பக்கத்து நிறக்கண்ணாடியை விலக்குங்கள். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஒரு வட்டம் கடலின் மேல் மிதந்துகொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கும்போது யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

வட்டத்தின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடும்வரை நுண்திருகைத் திருப்புங்கள். தொட்டுவிட்டது என்று நினைக்கும்போது மணிக்கட்டை லேசாக இடமும் வலமும் சாயுங்கள். சூரியன் ஊஞ்சல் மாதிரி ஒரு வளைவில் ஆடும். அந்த வளைவின் அடிப்புள்ளியில் தொட்டால்தான் கருவி நேராக நிற்கிறது என்று பொருள். ஆட்டாமல் எடுத்தால் கோணம் எப்போதும் கூடுதலாகவே வரும்.

சூரியன் ஏறிக்கொண்டே இருப்பதால் அது அடிவானத்தைவிட்டு மேலே விலகும். திருகித் திருகி இறக்கிக்கொண்டே இருங்கள். பதினைந்து நிமிஷம் முன்னால் உச்சியைவிட 13' குறைவாக இருந்தது, நெருங்க நெருங்க வேகம் குறையும். கடைசி மூன்று நிமிஷத்தில் ஏறுவது அரை நிமிடக் கோணம்தான். அப்புறம் அசையாமல் தொங்கும். பிறகு வட்டத்தின் அடி கடலுக்குள் லேசாக முங்கத் தொடங்கும். முங்கியதும் திருகைத் தொடாதீர்கள், பின்னால் திருப்பாதீர்கள். இப்போது கருவி காட்டுவதுதான் அன்றைய உச்சக் கோணம்.

கணக்கு

கன்னியாகுமரி, டிசம்பர் 25, கண் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரம் என்று வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

கருவி காட்டியது: 58° 20.5'
இன்டெக்ஸ் பிழை: 2.0' கழிக்க, 58° 18.5'
உயரத் தாழ்வு: 3.5' கழிக்க, 58° 15.0'
அரைவிட்டம் 16.3' கூட்டி, ஒளி வளைவு 0.6' கழித்து, 0.1' கூட்டி: 58° 30.8'

உயரத் தாழ்வு என்பது, நீங்கள் மேலே ஏற ஏற அடிவானம் கீழே இறங்குவது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கினால் வரும். 4க்கு வர்க்கமூலம் 2, ஆக 3.5. அரைவிட்டத்தைக் கூட்டுவது, நாம் தொடவைத்தது சூரியனின் கீழ் விளிம்பை, கணக்குக்கு வேண்டியது அதன் மையம் என்பதால். ஒளி வளைவு காற்றின் வேலை. சூரியன் தாழ்வாக இருந்தால் பெரிதாகும், 58 டிகிரியில் கொசுறு. கடைசி 0.1 நாம் பூமியின் மையத்தில் இல்லாமல் மேலே நிற்பதற்கான ஈடு.

இனி 90இலிருந்து கழியுங்கள்: 31° 29.2'. சூரியன் உங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலிருந்து அவ்வளவு தெற்கே தள்ளி இருக்கிறது. அதே கணத்தில் சூரியன் யாரோ ஒருவருக்கு உச்சந்தலைக்கு நேர்மேலே இருக்கிறது அல்லவா? அவர் பூமத்தியரேகைக்குத் தெற்கே எத்தனை டிகிரியில் நிற்கிறார் என்பதைக் கடற்பஞ்சாங்கம் நாளுக்கும் மணிக்கும் சொல்லும். 1767ஆம் ஆண்டுக்கு முதல் பதிப்பு வந்ததிலிருந்து அதன் வேலை அதுதான். டிசம்பர் 25க்குத் தோராயமாக 23° 24' தெற்கு. நீங்கள் அவருக்கு 31° 29.2' வடக்கே இருக்கிறீர்கள். கழித்தால் 8° 05.2' வடக்கு.

கன்னியாகுமரி முனை 8° 05'ஐ ஒட்டி. ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். கணக்கைக் காட்டுவதற்காக எடுத்த எண் என்பதால் இவ்வளவு அழகாக வந்திருக்கிறது. உங்களுக்கு முதல் நாள் ஐந்து மைல் தள்ளி வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ஒரு டிகிரி தள்ளி வந்தால் வில்லைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். அரை டிகிரி என்றால் மேல் விளிம்பைத் தொடவிட்டிருப்பீர்கள்.

கடல் இல்லாத ஊரில்

ஒரு தட்டில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி, காற்று படாமல் தரையில் வையுங்கள். அதில் தெரியும் சூரியன்தான் உங்கள் அடிவானம். எண்ணெய்ச் சூரியனின் மேல் பிம்பச் சூரியனை இறக்கி ஒன்றாக்குங்கள். இரண்டு பக்கமும் நிறக்கண்ணாடி கட்டாயம். வரும் கோணத்தில் இன்டெக்ஸ் பிழையைக் கழித்து, அப்புறம் பாதியாக்குங்கள். உயரத் தாழ்வும் இல்லை, அரைவிட்டமும் இல்லை. நிலத்தில் அளந்த பழைய காலத்துக்காரர்கள் இதற்குப் பாதரசம் வைத்திருந்தார்கள். நமக்கு ஆயில் போதும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோணம் இரட்டிப்பதால் சூரியன் 60 டிகிரிக்கு மேல் போனால் வில் தீர்ந்துவிடும். சென்னையில் டிசம்பர் கடைசியில் சூரியன் 53.5°, இரட்டித்தால் 107, அளக்கலாம். ஜூனில் 80ஐத் தொடும், 160க்கு எங்கே போவது? நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான் சென்னைக்கு இந்த வேலை. ஆக்டன்ட் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

தீர்க்கரேகையும் வேண்டுமென்றால் சரியான கடிகாரம் வேண்டும். நண்பகலுக்கு அரை மணி முன்னால் ஒரு கோணத்தை எடுத்து நேரத்தைக் குறியுங்கள், கருவியைத் தொடாமல் வைத்து, மதியத்துக்குப் பிறகு சூரியன் அதே கோணத்துக்கு இறங்கும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரம்தான் உங்கள் ஊர் நண்பகல், மேலே சொன்ன நிமிஷக் கணக்கைத் திருப்பிப் போட்டால் தீர்க்கரேகை. நாலு விநாடி தவறினால் ஒரு நிமிடக் கோணம் தவறும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டிய கம்பெனிக்காரர்கள் மெட்ராஸின் தீர்க்கரேகையைப் பிடிக்க அவ்வளவு பாடுபட்டதும் இந்த நேரத் தொல்லையால்தான். உங்களிடம் செல்போன் கடிகாரம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் உப்புக் காற்றுப் பட்ட கண்ணாடிகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். மூடியின் உட்புறத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என்னிடம் இருப்பதில் யாரோ பென்சிலால் சின்னச் சின்னதாகத் தேதிகளும் பக்கத்திலேயே இன்டெக்ஸ் பிழையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து இரண்டு இடத்தில் மாறுகிறது. கடைசி வரிக்குக் கீழே நானும் பென்சிலில்தான் எழுதுகிறேன்.